பார்த்துட்டு வந்தா போதுமா?



2025ஆம் ஆண்டு தமிழக வேளாண்மை பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. முன்னோடி விவசாயிகள் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துப் போய், அங்கே விவசாயம் எப்படி நடக்கிறது என்று காட்டுவார்களாம். அதற்கு முன்பு, 2023 பிப்ரவரியில் கேரள அரசு 27 விவசாயிகளை இஸ்ரேலுக்கு அனுப்பியது. போன இடத்தில் குழுவில் ஒருவர் மட்டும் தனியே பிரிந்து போய், சில நாள் கழித்து ஊர் திரும்பினார். பத்திரிகைகளும் டி.வி.யும் அந்த ஒருவரைத்தான் துரத்தின. மற்றவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன கற்று வந்தார்கள் என்று எங்காவது படித்த ஞாபகம் நம்மில் யாருக்காவது இருக்கிறதா?

இந்த மாதிரிப் பயணம் என்றாலே நம் ஹாஸ்டலில் இரண்டு கட்சி. "அரசாங்கப் பணத்துல டூருடா மச்சான்" என்று ஒரு கட்சி. "ஏன்டா, ஆபீசருங்க போனா வாயை மூடிக்கிறீங்க, வேட்டி கட்டினவர் பிளேன் ஏறினா மட்டும் வயிறு எரியுதா?" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிதான். விவசாயி தாராளமாகப் போகட்டும். நாலு இடம் பார்க்கட்டும். ஆனால் பார்த்துட்டு வந்தா மட்டும் போதுமா? பார்த்ததை இங்கே நிலத்தில் நிறுத்தி, பத்து வருஷம் ஓட வைப்பது யார்? இதுதான் என் கேள்வி. பதில் நம்ம வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்ன பார்ப்பார்?

தக்காளி போடும் நம்ம திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் இஸ்ரேல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தக்காளி ரகமும் சொட்டுநீரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் நாடு அதுதான். 1950களின் இறுதியிலிருந்தே 'மாஷாவ்' என்ற அமைப்பு மூலமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு விவசாயப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள்.

அந்த நாட்டின் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோ மீட்டர். நம்ம தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு! அதிலும் பாதிக்கு மேல் நெகேவ் பாலைவனம். தெற்குக் கோடியில் இருக்கும் ஏலாத் நகரத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை 30 மி.மீ.கூடத் தேறாது. நமக்கோ வருஷத்துக்குச் சுமார் 920 மி.மீ. நம்ம ஊரில் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகமாகக் கொட்டிவிட்டுப் போகிறது.

பாலைவனத்துக்கு நடுவில் வரிசை வரிசையாகக் கறுப்புக் குழாய். குழாய்க்கு மேல் தக்காளிச் செடி. நம்ம ஆள் வாயைப் பிளக்கத்தான் செய்வார். கூட வருகிற கைடு அப்போது ஒரு கதை சொல்லுவார். சிம்ஹா பிளாஸ் என்று ஒரு தண்ணீர் என்ஜினியர். 1930களில் ஓர் இடத்தில் மற்ற மரமெல்லாம் சாதாரணமாக இருக்க, ஒரு மரம் மட்டும் செழித்து நிற்பதைப் பார்த்தாராம். தோண்டிப் பார்த்தால் அடியில் குழாயில் சின்னக் கசிவு. அந்தச் சொட்டு மனசில் விழுந்தது, சாதனமாக வெளியே வர முப்பது வருஷம் ஆனது. மலிவான பிளாஸ்டிக் குழாய் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையோடு ஒப்பந்தம் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் நெட்டாஃபிம் கம்பெனி.

விவசாயி இந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டுவார். நாம் கேட்க வேண்டியது வேறு. குழாயில் ஊசியால் ஓட்டை போட்டால் தண்ணீர் சொட்டாதா? சொட்டும். ஆனால் அந்த ஊசி ஓட்டை ஒரு வாரத்தில் மண் அடைத்துப் போகும். ஓட்டையைப் பெரிதாக்கினால் சொட்டு போய்ப் பீய்ச்சி அடிக்கும். பிளாஸ் செய்த தந்திரம் என்ன தெரியுமா? வழியைச் சின்னதாக்குவதை விட்டுவிட்டு, வழியை நீளமாக்கினார். சுருள் சுருளாக நீண்ட பாதையில் போகும்போது உராய்வில் தண்ணீரின் அழுத்தம் குறைந்து, கடைசியில் சொட்டாக விழும். நாம் செமஸ்டர் செமஸ்டராக உருப்போடுகிற 'உராய்வினால் ஏற்படும் இழப்பு' இருக்கிறதே, அந்த இழப்பையே ஒரு மனுஷன் லாபமாக மாற்றிவிட்டார்! இதை நம்மைவிட வேறு யாருக்குப் புரிய வைக்க முடியும்?

தக்காளி சிவக்காத ரகசியம்

அடுத்து ரெகோவோத். ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரி இருக்கும் ஊர். நாகும் கேதார், ஹைம் ரபினோவிட்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1970களிலிருந்து தக்காளியோடு மல்லுக்கட்டிய இடம்.

தக்காளியின் பெரிய வியாதி, பழுத்த வேகத்தில் கொழகொழத்துப் போவது. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு அதற்குள்ளேயே உண்டாகிறது. அது பழத்தைச் சிவக்கவும் வைக்கும், இளகவும் வைக்கும். 'ரின்' என்று ஒரு மரபணு மாற்றம் உண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது வந்துவிட்டால் பழம் மாதக்கணக்கில் மஞ்சளாகவே நிற்கும், பழுக்கவே பழுக்காது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் சிவக்கும், ஆனால் மெதுவாகத்தான் இளகும். அந்த ஒரு பக்கச் சங்கதியைப் பிடித்துக்கொண்டு உருவாக்கியவைதான் நாள்பட நிற்கும் வீரிய ஒட்டு ரகங்கள். நம்ம மார்க்கெட்டில் 'நாட்டுத் தக்காளி', 'பெங்களூர் தக்காளி' என்று இரண்டு குவியல் இருக்குமே, அதில் லாரியில் குலுங்கினாலும் உடையாத அந்த இரண்டாவது ஜாதி தக்காளிக்குப் பின்னால் உலகமெங்கும் நடந்த இந்த மாதிரி ஆராய்ச்சிகள்தான் இருக்கின்றன.

இங்கேயும் விவசாயி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இந்த மாதிரி ரின் ஒட்டு ரகத்தின் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகம் விதைத்தால் என்ன ஆகும்? மெண்டல் கணக்குதான். நாலு செடியில் ஒரு செடியின் பழம் சரியாகப் பழுக்காமலே நிற்கும், ஒன்றில் பழைய மாதிரி கொழகொழக்கும், மீதி இரண்டு மட்டும் நாம் நினைத்த மாதிரி வரும். ஆக, ஒவ்வொரு போகத்துக்கும் விதை பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். ருசியும் கொஞ்சம் மட்டுதான். நம்ம வீட்டு அம்மாக்கள் ரசத்துக்கு நாட்டுத் தக்காளியைத் தேடுவது சும்மா இல்லை.

செர்ரி தக்காளியைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்றுகூட அங்கே பெருமையாகச் சொல்லுவார்கள். சின்னத் தக்காளி தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பல நூற்றாண்டுகளாக இருக்கிற சாமான். அதை நாள்பட நிற்கிற வியாபாரச் சரக்காக மாற்றியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எது கண்டுபிடிப்பு, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கிற கண்ணும் பயணத்துக்குப் போகிறவருக்கு வேண்டும்.

பக்கத்து வீட்டை எப்போது பார்ப்பது?

நண்பர்களே, பிளேன் ஏறும் முன்னால் பஸ் ஏறியிருந்தால் பார்த்திருக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.கே. சிவனப்பன் 1970களிலேயே சொட்டுநீர்ச் சோதனைகள் செய்தவர். இந்தியாவில் சொட்டுநீர்ப் பாசனத்தின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். அவர் நம்ம ஊர் என்ஜினியர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி திண்டுக்கல்லிலிருந்து பஸ் தூரம்தான். பி.கே.எம்.1 தக்காளி அங்கே பிறந்தது. தேனி பக்கத்து அன்னஞ்சித் தக்காளியில் சடுதி மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்த ரகம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வந்த 'அர்கா ரக்ஷக்' என்ற ஒட்டு ரகம் இலைச் சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக் கருகல் என்று மூன்று நோயைத் தாங்கும். தக்காளிக்காரரைக் கேளுங்கள், வெள்ளை ஈ கொண்டு வருகிற இலைச் சுருட்டு வந்தால் எப்படித் தூக்கம் போகும் என்று சொல்லுவார்.

அதைவிட வேடிக்கை ஒன்று. கர்நாடகத்தில் ராணிபென்னூர் வட்டாரத்தில் காய்கறி ஒட்டு விதை உற்பத்தி ஒரு பெரிய தொழில். மொட்டு விரியும் முன்னால் அதன் மகரந்தப் பையைக் கையால் பிய்த்து எடுத்து, இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை ஒவ்வொரு பூவாகத் தொட்டு வைக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர் போட்ட விதைகூட இங்கே நம்ம சனங்களின் விரலில் உருவாகிறது. அதைப் பார்க்க பாஸ்போர்ட் வேண்டாம்!

இஸ்ரேலே நம்ம மாவட்டத்துக்கு வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் ரெட்டியார்சத்திரத்தில் இருக்கிறது. குழித்தட்டு நாற்று, வலைக்குடில், உரப்பாசனம் எல்லாம் அங்கேயே பார்க்கலாம். அந்த ரோட்டில் போகிற நம்மில் எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறோம்?

அப்படியானால் குறை எங்கே?

ஆராய்ச்சி இருக்கிறது. மையம் இருக்கிறது. பணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொட்டுநீர் போட சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வேறென்ன குறை?

எங்க மாமாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர். தக்காளிதான் போடுவார். மானியத்தில் சொட்டுநீர் போட்டார்கள். கம்பெனி ஆள் வந்தார், இரண்டு நாளில் குழாயை இழுத்துக் கட்டினார், மாமாவை வால்வு பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார், கிளம்பிவிட்டார். பில்டர் எதற்கு, எப்போது கழற்றிக் கழுவ வேண்டும், பிரஷர் கேஜில் முள் எங்கே நிற்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த போன் நம்பர் அடுத்த மாசமே எடுக்கவில்லை. இரண்டு வருஷம் பில்டர் திறக்கப்படவே இல்லை.

நானும் ரூம்மேட்டும் போன தீபாவளி லீவில் போய்ப் பார்த்தோம். டம்ளரை வைத்துப் பிடித்தால் வரிசையின் தொடக்கத்தில் நிறைகிறது, கடைசியில் அடிகூட நனையவில்லை. மாமா என்ன செய்தார் தெரியுமா? தண்ணி வராத இடத்தில் எல்லாம் கோணி ஊசியால் குத்திவிட்டார்! "மாமா, இப்படிக் குத்தினா இருக்கிற பிரஷரும் போயிருமே" என்றேன். "நீ படிக்கிற புள்ள, உனக்குத் தெரியும். செடி வாடுதே மாப்ள, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் என்ன பதில் இருக்கும்? செடிக்குத் தாகம் எடுத்தது, கையில் ஊசி இருந்தது, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அடுத்த போகம் குழாயைச் சுருட்டி மோட்டார் ரூம் மேலே போட்டுவிட்டு, பழையபடி வாய்க்கால் வெட்டிவிட்டார்.

எத்தனை மோட்டார் ரூம் மேலே இப்படிச் சுருட்டின குழாய் கிடக்கிறது என்று உங்க ஊரில் நீங்களே எண்ணிப் பாருங்கள். எங்க மாமாவை இஸ்ரேலுக்கு அனுப்பினாலும் இந்த அடைப்பு நீங்காது. அவருக்கு வேண்டியது கூப்பிட்டால் வருகிற ஒரு டெக்னீஷியன். விதை வாங்குகிற இடம் தெரியும், மண்டி தெரியும், கடன் கொடுக்கிற பேங்க் தெரியும். பில்டர் கழுவச் சொல்லித் தருகிற ஆள்தான் தெரியவில்லை.

சுற்றுலாவில் காட்டாதவை

அந்த நாட்டில் குழாய்க்கு முன்னால் வந்தது கணக்கு. 1955இலேயே தண்ணீருக்கு மீட்டர் வைக்கச் சட்டம். 1959 சட்டப்படி நாட்டின் தண்ணீர் எல்லாம் பொதுச் சொத்து. யாருக்கு எவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். 1964இல் வடக்கே இருக்கும் கின்னரெட் ஏரியிலிருந்து தெற்கே தண்ணீர் கொண்டு போகும் பெரிய குழாய்த் திட்டம் முடிந்தது. இன்று ஊர்க் கழிவுநீரில் 85 சதவீதத்துக்கு மேல் சுத்திகரித்து வயலுக்குத் திருப்புகிறார்கள். வெறும் கறுப்புக் குழாயை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் விட்டுப் போகும்.

மீட்டர் என்றதும் கோபப்படாதீர்கள். மோட்டாருக்குக் கட்டணம் போடச் சொல்லவில்லை. தன் கிணறு மணிக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறது, தன் செடி எத்தனை குடிக்கிறது என்று விவசாயிக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் சில விஷயங்களும் கைடு வாயிலிருந்து வராது. அந்தத் தோட்டங்களில் குனிந்து பறித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தாய்லாந்துக் கூலித் தொழிலாளர்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவின் விளைநிலங்கள் நாசமாயின. 2024 மே மாதம் துருக்கி வியாபாரத்தை நிறுத்தியபோது, தக்காளி ஆராய்ச்சிக்குப் பேர்போன இஸ்ரேலிலேயே தக்காளிக்குத் தட்டுப்பாடு! மேற்குக் கரையில் மலைக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரில் பெரும் பங்கு இஸ்ரேலுக்கும் சிறு பங்கு பாலஸ்தீனர்களுக்கும் போவது இன்றுவரை தீராத வழக்கு. காவிரியைக் கண்ட நமக்கு இது புரியாதா என்ன? விஞ்ஞானத்தைக் கற்போம், அதற்காக மற்றதுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. சொட்டுநீர் விளைச்சலைக் கூட்டும், விலையைக் கூட்டாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. விலை விழுகிற மாசத்தில் அதே தக்காளியைப் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதற்குக் குளிர்கிடங்கு, கூழ் ஆலை என்று வேறு வேலைகள் வேண்டும். ஒரு பயணத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு.

நம்ம வேலை எது?

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய் வரிசை என்றால் மொத்தம் சுமார் 2,700 மீட்டர் குழாய். 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் என்றால் சுமார் 4,500 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 9,000 லிட்டர், அதாவது செகண்டுக்கு இரண்டரை லிட்டர். மோட்டார் அவ்வளவு தருகிறதா? வோல்டேஜ் விழும் நேரத்தில்? ஒரே தடவையில் முழு நிலத்துக்கும் விடுவதா, இரண்டு பாகமாகப் பிரித்து வால்வு வைப்பதா? இதற்குப் பி.எச்டி. வேண்டாம், நம்ம டிப்ளமோ போதும்.

சோதனையும் சுலபம். நாலு வரிசை, வரிசைக்கு நாலு இடம், மொத்தம் 16 இடம். ஒரு ஸ்டாப் வாட்ச், லேபிலிருந்து ஓர் அளவு ஜாடி. 2 லிட்டர் டிரிப்பர் 36 செகண்டில் 20 மில்லி தர வேண்டும். 16 அளவையும் எழுதுங்கள். மிகக் குறைந்த நாலின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 90க்கு மேல் வந்தால் சபாஷ். 70க்குக் கீழே என்றால் அமைப்பு நோயில் இருக்கிறது என்று அர்த்தம். பில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் பாருங்கள், வித்தியாசம் அதிகமானால் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். குழாய்க் கடைசி மூடியைத் திறந்து மண்ணை வெளியே விடுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், அதற்கு அமில வைத்தியம் உண்டு. கெமிஸ்ட்ரி சார் சொன்னதை மறக்காதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கண் போய்விடும்!

"நான் எலக்ட்ரிக்கல், எனக்கென்ன?" என்கிறாயா நண்பா? மோட்டாரும் ஸ்டார்ட்டரும் டைமரும் உன்னுடையது. சிவில் நண்பன் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை லெவல் எடுக்கட்டும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே பிரஷர் போகாதே. மெக்கானிக்கல்காரன் பம்பையும் பில்டரையும் பார்த்துக்கொள்வான். எலக்ட்ரானிக்ஸ்காரன் ஈரப்பதம் காட்டும் சென்சார் செய்யட்டும். கம்ப்யூட்டர்காரன் எந்த வயலில் எப்போது கழுவியது என்று பதிவு வைக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் பழைய பிராஜக்ட் ரிப்போர்ட்டுக்குப் புது அட்டை போட்டு பைண்டிங் பண்ணுகிறோமே, அதைவிட இது எவ்வளவோ மேல்!

மூன்று யோசனைகள்

மாணவர் பேரவை முன்னால் மூன்று யோசனை வைக்கிறேன்.

ஒன்று: அரசு அனுப்பும் ஒவ்வொரு விவசாயிகள் குழுவிலும், பத்துப் பேருக்கு ஒருவராவது டிப்ளமோ படித்த இளம் டெக்னீஷியன் இடம்பெற வேண்டும் என்று பேரவை தீர்மானம் போட்டு வேளாண்மைத் துறைக்கு அனுப்பட்டும். விவசாயி பயிரைப் பார்ப்பார், இவன் பழுதைப் பார்ப்பான். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் காட்சி முழுசாகும்.

இரண்டு: பத்து நாளில் பத்து ஊர் ஓடுவதை விட்டு, ஒரே பண்ணையில் பத்து நாள் இருக்கட்டும். அங்கே பில்டர் கழுவுகிறவன் காலையில் எத்தனை மணிக்கு வருகிறான், எதை எழுதி வைக்கிறான் என்று பார்க்கட்டும். போகும் முன் ரெட்டியார்சத்திரமும் பெரியகுளமும் ஹெசரகட்டாவும் கட்டாயம். திரும்பி வந்தவர் தன் வட்டாரத்தில் பத்து விவசாயிகளைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டும், அதுவும் கட்டாயம்.

மூன்று: நாம் யாரும் நம்மை அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். நம்ம பாலிடெக்னிக்கைச் சுற்றி சைக்கிளில் போகிற தூரத்தில் எத்தனை சொட்டுநீர் வயல்! சனிக்கிழமை தோறும் நாலு பேர் கொண்ட குழு, ஒரு வயல். ஜாடி, வாட்ச், ஸ்பேனர், நோட்டு. ஒரு வருஷம் செய்தால் நம்ம வட்டாரத்தில் எந்தக் குழாய் ஓடுகிறது, எது சாகிறது என்ற கணக்கு நம்ம கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கம்பெனியையும் கேட்கலாம், துறையையும் கேட்கலாம்.

"இதுல நமக்கு என்னடா கிடைக்கும்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். பாஸ் ஆன அண்ணன்களில் பலர் திருப்பூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் கான்ட்ராக்ட் வேலையில் ஷிப்ட் பார்க்கிறார்கள். டிராக்டர் ரிப்பேருக்கு ஊருக்கு ஊர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, மோட்டார் காயில் கட்ட ஆள் இருக்கிறது. சொட்டுநீருக்கு மட்டும் ஏன் இல்லை? போகத்துக்கு இரண்டு முறை வந்து பார்த்துக் கழுவிச் சரிசெய்ய ஏக்கருக்கு ஒரு நியாயமான கூலி என்றால், செடி காய்ந்து நஷ்டப்படுவதைவிட அது லாபம் என்று விவசாயிக்குத் தெரியும். நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு பைக், ஒரு டூல் கிட், ஒரு தொழில். சொந்த ஊரில், சொந்தக் காலில்.

முழு மானியம் கொடுத்துப் போட்ட குழாய் மோட்டார் ரூம் மேலே வெயிலில் வெடித்துக்கொண்டிருக்கிறது. அது மக்கள் வரிப்பணம். அடியில் கிணறு வருஷத்துக்கு வருஷம் ஆழம் போகிறது. அது நம்ம பிள்ளைகளின் தண்ணீர். விவசாயி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அவர் வந்து இறங்கும்போது, "வாங்கண்ணே, பார்த்ததைச் சொல்லுங்க, செஞ்சு பார்ப்போம்" என்று ஸ்பேனரோடு நிற்க ஊருக்கு நாலு பேர் வேண்டும்.

அந்த நாலு பேரில் நீ ஒருவனா? பேரவை அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வா நண்பா, பெயர் எழுது!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை